தட்டு மீட்பு ஒருங்கிணைப்பாளர்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் போற்றுகிறது. மாட்டிய சக்கரத்தை மறுபடி கழற்றலாம் என்று கண்டுபிடித்தவனை ஒருவரும் நினைப்பதில்லை. மனித நாகரிகம் அந்த இரண்டாவது ஆளிடமிருந்துதான் தொடங்குகிறது. கழற்ற முடியாத பொருள்களால் மனிதன் பட்ட பாடு கொஞ்சமா? விரலில் இறுகிப்போன மோதிரம் ஒன்று போதும், சோப்பும் எண்ணெயும் போட்டுக் குடும்பமே சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பேருண்மையை முதலில் உணர்ந்த ஊர் சித்தூர். உணர்ந்த இடம், ஊருக்கு வெளியே மாந்தோப்புகளுக்கு நடுவில் தகரக் கூரையுடன் நிற்கும் 'பாலாதித்யா ஃபிலிம்ஸ்'. பெயரைப் பார்த்து நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. வாட்ச்மேன் அவர்களிடம் போட்டோவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார். உள்ளே தயாராவது, மாம்பழக் கூழ் அடைக்கும் பைகளுக்கான பிளாஸ்டிக் தாள்.

தாளை ஓர் அட்டைக் குழாயின் மேல் சுற்றிக்கொண்டே போனால், ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் ரோல் ஆகிவிடும். அதை அப்படியே லாரியில் ஏற்றினால் ஓரம் நசுங்கும். சுற்று குலைந்து நடுப்பகுதி ஒரு பக்கமாகப் பிதுங்கும். ஆகவே குழாயின் இரண்டு முனையிலும் நீல நிறத்தில் பக்கத்துக்கொரு வட்டத் தட்டு. தட்டின் நடுவில் ஓர் ஓட்டை, அதன் அடியில் கைக்கு அடங்கும் ஒரு கழுத்து. கழுத்தைக் குழாய்க்குள் விட்டு உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி கொடுத்தால் 'டக்'. பிடித்துக்கொள்ளும். கூழ்த் தொழிற்சாலைக்குப் போனதும் ஒரு திருகு திருகி இழுத்தால் மறுபடி 'டக்'. வந்துவிடும். பசை கிடையாது, ஆணி கிடையாது. கழற்றிய இடத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. பிறகு அதே லாரியில் திரும்பி வந்து அடுத்த ரோலைக் காப்பாற்ற வேண்டியது. தட்டின் தர்மம் அவ்வளவுதான்.

இந்தத் தட்டுகளை மாட்டும் வேலையில் இருந்தவன் கோவர்த்தனன். வெளியனுப்புப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரமானவர்களுக்கு வெள்ளைத் தலைக்கவசம், ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள் என்பது அங்கே சட்டம். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை மஞ்சள்காரர்களைக் கழற்றி ஒரு நாள் வெளியே வைப்பார்கள். அன்று கோவர்த்தனன் யாரோ, கம்பெனி யாரோ. வாட்ச்மேன்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுநாள் அதே சட்டையில் வந்தால், 'புதிதாகச் சேர்ந்தவர்' என்று லட்டு கொடுத்து வரவேற்று, தட்டை எப்படி மாட்டுவது என்று ஒரு மணி நேரம் பயிற்சியும் கொடுப்பார்கள். இப்படி அவன் ஒன்பது முறை முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஒன்பது முறையும் பயிற்சியில் நல்ல பெயர்.

அவனுக்கு வாழ்க்கையில் ஓர் ஆசைதான்: வெள்ளைத் தலைக்கவசம். காரணம், நகரியில் இருக்கும் அவன் அக்காள் பிரேமலதாவின் கணவர் நாகேந்திரன். சொந்தமாக விசைத்தறி வைத்திருப்பவர். தறியில் பாவு நூல் சுற்றும் உருளைக்கும் இரண்டு பக்கமும் தட்டு உண்டு. ஆனால் அது இரும்பு. அதைக் காட்டித்தான் அவர் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பார்.

"இத்தப் பாரு மச்சான். நட்டு போட்டு முடுக்கிக்கிது. என் தாத்தா காலத்துலருந்து இங்கதான் கீது. உன்னிது இன்னும் கழட்டி மாட்டிக்கினுதான் இருக்காங்களா?"

கோவர்த்தனன் சிரித்து மழுப்புவான்.

பாலாதித்யாவின் துணைப் பொது மேலாளர் பிரபாகர் சார் ஒரு மகான். அவர் பதவிக்கு வந்ததும் 'தூய்மை வியாழன்' என்ற புரட்சியைக் கொண்டுவந்தார். வியாழன்தோறும் குழு ஒன்று வளாகத்தைச் சுற்றிவரும். எந்தப் பொருள் வேறு எதோடும் மாட்டப்படாமல் சும்மா இருக்கிறதோ, அதன்மேல் 'எதிலும் சேராதது' என்று அச்சிட்ட சிவப்புச் சீட்டை ஒட்டும். சாயங்காலம் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கணக்குப் பிரிவு பெரியவர் ஒருவரின் டிபன் கேரியர், சாம்பார் சாதத்தோடு அப்படிப் போயிருக்கிறது. பிரபாகர் சாரின் சொந்தக் குடையே ஒரு வியாழனன்று போய்ச் சேர்ந்தது. அவர் நனைந்துகொண்டே காருக்கு நடந்தாரே தவிரக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட சுத்தமான கம்பெனிக்கு ஒரு சோதனை வந்தது. தட்டுகள் காணாமல் போக ஆரம்பித்தன. புதிதாக எவ்வளவு வாங்கினாலும் மாட்டுவதற்குத் தட்டு இல்லை. 'தட்டு இழப்பு குறித்த உயர்மட்டக் கூட்டம்' ஏசி அறையில் கூடியது. சூட்டில் உருகியிருக்கலாம் என்றார் ஸ்டோர்ஸ் அதிகாரி. போட்டிக் கம்பெனியின் சதி என்றார் விற்பனை அதிகாரி. புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர் ஒருவர் குரங்குகளின் மேல் சந்தேகப்பட்டு, படத்தோடு விளக்கினார். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கேண்டீனின் பின்பக்கம் தெரியும்; திரும்பி வரும் லாரிகள் அங்கேதான் சாமான் இறக்கும். புரொஜெக்டர் வெளிச்சம் கெட்டுவிடும் என்று திரைச்சீலையை ஒருவரும் விலக்கவில்லை.

கூழ்த் தொழிற்சாலைகள் திருப்பி அனுப்புவதில்லை, எங்கோ திருடு போகிறது என்று முடிவாயிற்று. கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும். அன்றே கோவர்த்தனன் 'தட்டு மீட்பு ஒருங்கிணைப்பாளர்' ஆனான். சம்பளம் அதேதான், பெயர் மட்டும் நீண்டது. தட்டு போகும் இடத்தைக் கண்டுபிடித்தால் வெள்ளைத் தலைக்கவசம் என்று பிரபாகர் சார் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அவன் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும் லாரிகளை அவனே போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒழுங்குமுறை தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. லாரிச் சரக்கு இறங்கும் இடம் 'உள்வரவு'ப் பிரிவு. 'வெளியனுப்பு'க்காரன் அங்கே போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் அரைநாள் சம்பளம் போகும். அதனால் கோவர்த்தனன் கேண்டீனுக்குப் பின்னால் போகாமல், பைக்கை எடுத்துக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றினான்.

தேடிப் போன கண்ணுக்குத் தட்டு தெரியாத இடமே இல்லை. தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்தது. பஞ்சர் கடையில் முக்காலியின் தலையாக இருந்தது. ஒரு வீட்டு மாடியில் அதன்மேல் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் காசு கொடுத்து வாங்கினோம் என்றார்கள். திருடர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்து அவன் அதை நம்பவில்லை. புத்தூர் போகும் ரோட்டோரம் அம்மன் ஒருத்திக்குத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாகவே ஒரு நீலத் தட்டு நின்றது. அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, 'ஒரு தட்டு தெய்வத்தின் பொறுப்பில் பாதுகாப்பாக உள்ளது' என்று அறிக்கை கொடுத்தான். பிரபாகர் சார் அதில் கையெழுத்துப் போட்டார்.

இந்த நேரத்தில்தான் அக்காள் மகள் தேன்மொழிக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. தாய்மாமன் கோவர்த்தனன்தான் சீர் கொண்டுபோக வேண்டும். தட்டுத் தட்டாகப் பழம், பூ, பட்டுப்பாவாடை, இனிப்பு, வளையல் என்று மேளத்தோடு தெரு முழுக்க வரிசையாகப் போக வேண்டும். வரிசை குட்டையாக இருந்தால் நாகேந்திரனின் சொந்தக்காரர்கள் அதைப் பெண்ணின் கல்யாணம்வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இந்தத் தடவை வாயை அடைத்தே தீருவது என்று கோவர்த்தனன் பிரபாகர் சாரையே விழாவுக்கு அழைத்தான். அவர் வருவதாகச் சொன்னதும் நகரியில் பெரிய பேனர் வைத்தான். ஒரு பக்கம் 'தொழில் சிங்கம்' பிரபாகர் சார். மறுபக்கம் தாய்மாமன், தட்டு மீட்பு ஒருங்கிணைப்பாளர். பதவியின் நீளத்தைப் பார்த்து நாகேந்திரனே அவனை முதன்முதலாக உட்காரச் சொன்னார்.

சீர்த் தட்டுகளுக்கு ஏற்பாடு செய்வது மனைவி தாட்சாயணியின் பொறுப்பு. நல்ல முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கடைகளில் வெள்ளி முலாம் தட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் எங்கேயோ சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

விழா நாள் காலையில் வேன் நிறையச் சீர் ஏறியிருந்தது. தங்கக் காகிதம் சுற்றிய வட்டத் தட்டுகள், நடுவில் வெற்றிலை விரித்து, மேலே பழமும் பூவும் கோபுரமாக. வண்டி நகரிக்குள் நுழையும்போது ஒரு பள்ளத்தில் குலுங்கி, ஆப்பிள் தட்டு ஒன்று சாய்ந்தது. கோவர்த்தனன் பாய்ந்து அடியில் கையைக் கொடுத்தான். கைக்கு அடக்கமாக ஒரு கழுத்து கிடைத்தது. வெற்றிலையை விலக்கினான்; நடுவில் ஓட்டை. காகிதத்தைக் கிழித்தான்; நீலம். அடியில் அச்சு எழுத்தில் பாலாதித்யா.

"எங்கருந்து புடிச்ச இத்த?"

"பொம்பளைங்க டுவாக்ரா சங்கத்துல. சென்னம்மா அக்கா வாடகைக்கு வுடறாங்க. அடியில புடி இருக்கிறதால தூக்கிக்கினு போவ நல்லாக்கீது இல்ல?"

"இது எங்க கம்பெனி தட்டு. இத்தத்தான் நான் ஊர் ஊரா தேடிக்கினு கீறேன். சென்னம்மாவுக்கு யார் குடுத்தா?"

"யார் குடுப்பாங்க? உங்க கம்பெனி வியாழக்கிழமை வியாழக்கிழமை கிலோ கணக்குல தூக்கிப் போடுதாமே. பழைய இரும்புக் கடையில வாங்கனாங்களாம்."

கோவர்த்தனனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. தட்டுகள் ஒழுங்காகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தன. ரோலிலிருந்து கழற்றி வந்த தட்டு வேறு எதோடும் மாட்டப்படாமல் கேண்டீன் பின்னால் சும்மா கிடக்கும். சும்மா கிடந்தால் சிவப்புச் சீட்டு. கம்பெனியே தன் தட்டை விற்றுவிட்டு, கம்பெனியே அதைத் தேட ஆள் போட்டிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெள்ளைத் தலைக்கவசம் கண்ணுக்கு முன்னால் ஆடியது. அதற்குப் பின்னாலேயே, இன்னும் சற்று நேரத்தில் பிரபாகர் சார் வந்து இந்த வரிசையைப் பார்க்கப் போகிறார் என்ற நினைப்பும் வந்தது.

எல்லாவற்றையும் இறக்கு என்றான். தாட்சாயணி அசையவில்லை.

"ஏத்துன சீர எவனாச்சும் பாதியில இறக்குவானா? அந்தப் பொண்ணுக்கு நல்லதா அது? உன் அக்கா வூட்டுக்காரரு இன்னா பேசுவாருன்னு நெனச்சிப் பாரு."

அவன் நினைத்துப் பார்த்தான். சீர் இறங்கவில்லை.

மேளம் முழங்க வரிசை மண்டபத்துக்குள் போனது. பிரபாகர் சார் சால்வையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர் கையால் முதல் தட்டைத் தொட்டுக் கொடுக்கட்டும் என்று நாகேந்திரன் மைக்கில் அழைத்தார். தட்டின் அடியில் சாரின் உள்ளங்கை போயிற்று. கழுத்தைப் பிடித்தது. பழக்கதோஷத்தில் ஒரு திருகு திருகியது. ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு போய்ப் பந்தியில் விழுந்தன; சார் தட்டைத் திருப்பி அடியில் இருந்த பெயரைப் படித்தார்.

"கோவர்த்தன், இதி மன தட்டே காதா?"

நம்முடைய தட்டுதானே என்று கேட்கிறார். நகரியில் தெலுங்கு தெரியாதவர் கிடையாது, மைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மேளம் நின்றது. தாய்மாமன் திருட்டுத் தட்டில் சீர் கொண்டுவந்தான் என்று ஊர் சொல்ல இன்னும் ஒரு மூச்சு நேரம்தான் பாக்கி. நாகேந்திரனின் மீசை ஏற்கெனவே மலர ஆரம்பித்திருந்தது. கோவர்த்தனன் அக்காளைப் பார்த்தான். பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆமா சார். நம்ம தட்டுதான். கம்பெனி சீரு சார். தேன்மொழிக்குன்னு நீங்கதானே குடுத்தனுப்புனீங்க."

மண்டபம் கைதட்டியது. மைக்செட்காரர், பாலாதித்யா கம்பெனியே தாய்மாமனாக வந்திருக்கிறது என்று அறிவித்தார். அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது: சீர் கொடுப்பவன்தான் மாமன், அதில் பேச்சுக்கு இடமே இல்லை. நாகேந்திரன் தன் நாற்காலியையே கொண்டுவந்து போட்டார். சாருக்கு மாமன் மாலை விழுந்தது, மாமன் தலைப்பாகை கட்டினார்கள், பெண்ணின் பக்கத்தில் உட்காரவைத்துப் பட்டுப்பாவாடையை அவர் கையால் கொடுக்கவைத்தார்கள். விட்டால் போதும் என்று அவர் எழுந்தபோதெல்லாம் மாமன் சாப்பிடாமல் போவதா என்று உட்காரவைத்து மறுபடி இலை போட்டார்கள். கோவர்த்தனன் ஓரமாக நின்று சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டான். தப்பித்தோம் என்று நினைத்தான்.

பிரபாகர் சாருக்குக் கோபமே வரவில்லை. மாலையும் தலைப்பாகையுமாக அவர் முகத்தில் ஒரு புரொஜெக்டர் வெளிச்சம் தெரிந்தது.

சில நாளில் திருப்பதியில், ஒரு பெரிய ஓட்டல் மாடியில், பொதிகட்டும் தொழில்காரர்களின் தென்மண்டல மாநாடு நடந்தது; சிறந்த யோசனைக்குப் பரிசும் உண்டு. வந்தவர்களில் பாதிப்பேர் மலைக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு நேராக வந்திருந்ததால் கூட்டம் முழுக்கச் சந்தன வாசனை. பிரபாகர் சார் 'தட்டு இழப்பிலிருந்து சமூகச் சீர் நோக்கி' என்ற தலைப்பில் பேசினார். தம் கம்பெனி தட்டுகளை இழக்கவில்லை, கிராமப்புறப் பெண்களின் சுபகாரியங்களுக்கு முதலீடு செய்கிறது என்றார். மாமன் தலைப்பாகைப் படத்தைத் திரையில் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

கடைசியாகத் தட்டின் பெருமையைக் காட்ட ஒரு ரோலையும் கோவர்த்தனனையும் மேடையில் ஏற்றினார்கள். அவன் மாட்டினான்: டக். கழற்றினான்: டக். நடுவர் ஒருவர் மொட்டைத் தலையைக் குழாய்க்குள் விடாத குறையாகக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அற்புதம்" என்றார் அவர். "இங்கே ஒன்று மாட்டியிருந்தது என்பதே தெரியவில்லை."

பாலாதித்யாவுக்கு முதல் பரிசு. பிரபாகர் சார் பொது மேலாளர் ஆனார். பரிசுக் கேடயம் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து சித்தூர் வந்தது. கோவர்த்தனன் ரோலோடு லாரியில் வந்தான். வழியெல்லாம் அவன் வெள்ளைத் தலைக்கவசத்தை எந்த ஆணியில் மாட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. வெளியனுப்புக் கூடத்துக்குப் போனபோது, அவனுடைய மஞ்சள் தலைக்கவசத்தில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. வேறு யாருடையதோ என்று உள்ளே திருப்பிப் பார்த்தான். அவன் பெயர்தான். நேராகப் பிரபாகர் சாரிடம் போனான். அறை வாசலில் கேடயத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், தட்டு எங்க போவுதுன்னு நான் கண்டுபுடிச்சிட்டேன் சார். நம்ம வியாழக்கிழமைதான் சார் அது. நாமளேதான் வித்துக்கினு கீறோம்."

"அது பழைய பேரு கோவர்த்தன். இப்போ அதுக்குச் சமூகச் சீர்னு பேரு. அவார்டே வந்திருச்சி காதா." சார் அன்பாகத்தான் சொன்னார். "தட்டு காணாமல் போகலை, நானே குடுத்தனுப்பினதுன்னு நகரியில மைக்குல சொன்னதே நீதானே. போகாததை எப்படி மீட்கறது? அப்புறம் மீட்பு ஒருங்கிணைப்பாளர் எதுக்கு, நீயே செப்பு."

பழைய வேலைக்காவது போகிறேன் என்றான். அங்கே ஒருவரைப் போட்டாயிற்று. பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் நீ எதிலும் சேராதவன் ஆகிறாய், நாங்களாக ஒன்றும் செய்யவில்லை, விதி அப்படி என்று விளக்கினார்கள். சிறிதும் வன்முறை இல்லை. பசை இல்லை, ஆணி இல்லை. ஒரு திருகுதான். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை மறுநாள் லட்டு இல்லை.

கழற்றிய இடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கீறல் தெரியாது என்பதில் பாலாதித்யாவை யாரும் மிஞ்ச முடியாது. தேன்மொழியின் தம்பிக்குக் காது குத்தும் விழாவுக்கு நாகேந்திரன் புதுப் பேனர் வைத்தார். அதில் தாய்மாமன் இருக்கும் இடத்தில் பிரபாகர் சார் தலைப்பாகையோடு சிரிக்கிறார். பையன் உட்காரப்போவதும் அவர் மடியில்தான். பிரேமலதா இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டுப் பார்த்தாள். பேனர் அச்சடித்தாயிற்று என்று நாகேந்திரன் சொல்லிவிட்டார். கோவர்த்தனன் பேனருக்குக் கீழே நின்று வெகுநேரம் பார்த்தான். இங்கே ஒருவன் இருந்தான் என்பதே தெரியவில்லை.

காணாமல் போகாத தட்டுகளைத் தேடுவதற்குக்கூட ஓர் ஆளை நியமித்த கம்பெனி அது. அந்த ஆளைத் தேட இன்னும் ஒருவரையும் நியமிக்கவில்லை.